முத்திரைக் கல்

திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சம்பந்தத்தைத் தெரியாத ஆள் கிடையாது. சம்பந்தம் நம்பிய ஆளும் கிடையாது. தொழில் காயலான் கடை. சுற்றியுள்ள லேத்துப் பட்டறைகளிலிருந்து இரும்புச் சுருளும் வெட்டுத் தகடும் மூட்டை மூட்டையாக அவர் கடைக்குத்தான் வரும். பால்காரன் முகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தண்ணீர் ஞாபகம் வரும். டாக்டர் ஊசி போட்டால் மருந்துக் குப்பியை வாங்கித் தேதி பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்திலேயே பெண்ணின் தம்பியைக் காட்டி, "இவன் முழியே சரியில்லியே" என்று தரகரிடம் முணுமுணுத்தவர் அவர். அந்தத் தம்பி முனிரத்தினம்தான் பதினைந்து வருஷமாக அவர் கடையில் மூட்டை தூக்குகிறான். இன்றுவரை அவன் முழி அவருக்குச் சரிப்படவில்லை.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரே பெண், சாமுண்டீஸ்வரி. பத்தொன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மண்டபத்து மாடியில் ஜூடோ கற்றுக்கொள்ளப் போனவள், மாநிலப் போட்டியில் ஜெயித்து, தேசியப் போட்டியில் வெண்கலம் வாங்கி, கடைசியில் பெரிய இடத்துக்கே வந்து நின்றாள். 1993-ல் மெட்ராஸில் ஒரு சர்வதேச ஜூடோ சாம்பியன்ஷிப். ஒன்பது நாட்டுக்காரர்கள் வருகிறார்கள். பெண்களில் நாற்பத்தெட்டு கிலோ பிரிவுக்கு இந்தியா சார்பில் சாமுண்டீஸ்வரி. அவளுக்கு ஏதாவது ஆனால் பதிலுக்கு இறங்க ஸ்டெல்லா என்று இன்னொரு பெண். அவளும் அதே மாடியில் கற்றவள்தான்.

ஜூடோவில் எடைதான் எல்லாம். நாற்பத்தெட்டு என்றால் நாற்பத்தெட்டுக்குள் இருக்க வேண்டும். போட்டி நாள் காலையில் நூறு கிராம் கூட இருந்தாலும் போட்டிப் பாயில் கால் வைக்க விடமாட்டார்கள். அடுத்த பிரிவுக்குப் போகலாமே என்றால் அங்கே வேறொரு பெண் ஏற்கெனவே இருப்பாள். இது தெரிந்த நாளிலிருந்து சாமுண்டி சோற்றைக் கண்ணால் மட்டும் பார்த்தாள்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது கோச் ஜெபராஜ் அவளைத் தன் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார். நாற்பத்தொன்பது.

"ஒரு கிலோதானே, குறைச்சிடலாம். ஆனா டெய்லி வெயிட் பாக்கணும்" என்றார் ஜெபராஜ்.

சம்பந்தத்துக்கு மூக்கில் வியர்த்தது. ஏனென்றால் அந்த ஸ்டெல்லா யார் தெரியுமோ? ஜெபராஜ் சம்சாரத்தின் அக்கா மகள்.

"கணக்கு புரியுதா ஒனக்கு?" என்றார் மகளிடம், வீட்டுக்கு வந்ததும் வராததுமாக. "நீ எடை கூடன்னு சொல்லிச் சொல்லியே பட்னி போட்டு, தலை சுத்தி வுழ வெச்சிட்டு, அவன் வூட்டுப் பொண்ண எறக்குவான். அவன் மெஷின் அவன் சொல்றத காட்டும். இனிமே அதுல ஏறாத. நம்ம கடையில இல்லாத தராசா?"

"ஜெபராஜ் சார் அப்படிப்பட்டவர் இல்லப்பா."

"எப்படிப்பட்டவன்னு மொகத்துல எழுதி ஒட்டிக்கினா வருவான்?"

கடையில் இருந்தது முக்காலியில் தொங்கும் பெரிய தராசு. ஒரு பக்கம் பலகையில் மூட்டை வைப்பார்கள், மறு பக்கம் கல். அதில் சாமுண்டியைக் குந்தவைத்து எடை போட்டார் அப்பா. கல் விஷயம் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சம்பந்தத்திடம் இருபது கிலோ கல் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று முத்திரைக் கல். வருஷத்துக்கு ஒரு தரம் எடைக்கல் பரிசோதிக்க இன்ஸ்பெக்டர் வரும்போது மட்டும் வெளியே வரும்; மற்ற நாளெல்லாம் சாக்கில் தூங்கும். இன்னொன்று வாங்குற கல். அதிலும் பழைய முத்திரை இருக்கும். ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் சம்பந்தம் தன் கையாலேயே அடியில் துளை போட்டு, கல்லுக்கு அரை கிலோ ஈயம் காய்ச்சி ஊற்றிய ஜோடி அது. பட்டறைக்காரர்களிடம் பழைய இரும்பு வாங்கும்போது அதுதான் தராசில் ஏறும். இருபதரை கிலோ இரும்பு வந்தால்தான் அது இருபது என்று ஒத்துக்கொள்ளும். குழப்பம் வரக்கூடாதென்று அந்த ஜோடியின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தார்.

மகளுக்கு மட்டும் முத்திரைக் கல். பெற்ற பெண்ணிடம் யாராவது விளையாடுவார்களா? சாக்கை அவிழ்த்து, துடைத்து, பயபக்தியோடு எடுத்து வைத்தார். நாற்பத்தெட்டே முக்கால் காட்டியது.

"பார்த்தியா! அங்க கால் கிலோ தூக்கிக் காட்றான்" என்றார், ஏதோ திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் மாதிரி.

அந்த வாரமே கேம்ப் ரோட்டில் இன்னொரு காட்சி அவர் கண்ணில் பட்டது. டீக்கடை வாசலில் ஜெபராஜும் முனிரத்தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் முனிரத்தினத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா, கோச்சோட கொலாவல் பலமா கீது?"

"அட, சும்மா மாமா. வழியில பார்த்தாரு, டீ வாங்கிக் குட்தாரு. ஒங்க கடை கல்லு சரியான கல்லான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"மாமாகிட்டயே கேளுங்கன்னுட்டேன்."

போதாதா? ஒருத்தன் கல்லைப் பற்றி விசாரிக்கிறான். இன்னொருத்தன் தினம் கல்லைத் தொடுகிறவன். இரண்டு பேரும் சேர்ந்து கல்லை மாற்றி வைத்தால் மகள் கதி என்ன? சிவப்புப் பொட்டு எது என்று முனிரத்தினத்துக்கும் தெரியுமே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனிரத்தினத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சம்பந்தம் ஒரு காரியம் செய்தார். நாலு கல்லையும் வெளியே எடுத்து, சிவப்புப் பொட்டைச் சுரண்டிவிட்டு, நாலுக்கும் தலை முதல் கால் வரை கறுப்புப் பெயின்ட் அடித்தார். நாலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன. சாக்கை விரித்து வரிசையாகக் காயவைத்தார். வலது கைப் பக்கம் இரண்டும் முத்திரைக் கல், இடது கைப் பக்கம் இரண்டும் வாங்குற கல். அந்த நேரம் பார்த்துப் பின்பக்க கேட்டில் ஒருத்தன் சைக்கிளில் பழைய குழாய் கொண்டுவந்து மணி அடித்தான். போய் அவனோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, பின்வாசல் வழியாகவே உள்ளே வந்தார். உளியை எடுத்து வலது கைப் பக்கம் இருந்த இரண்டு கல்லின் விளிம்பிலும் ஒரு சின்ன வெட்டு வைத்தார். இது இனி உலகத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அந்த நினைப்பே அவருக்குத் தேனாக இனித்தது.

இரண்டு நாள் கழித்து வெட்டு வைத்த கல்லை வைத்து சாமுண்டியை எடை போட்டார். நாற்பத்தேழு எண்ணூறு!

"கோச் கண்ணுல கல்லக் காட்டாம வெச்சேன், ஒரு கிலோ எறங்கிடுச்சு பாரு!"

சாமுண்டிக்குச் சந்தோஷம் வரவில்லை. "ரெண்டு நாள்ல ஒரு கிலோ எப்படிப்பா? ஜெபராஜ் சார் மெஷின்ல இன்னும் நாப்பத்தொம்பதுகிட்டதான் காட்டுது."

"இன்னும் அதுல ஏறிகினு கீறியா நீ?" சம்பந்தம் தராசுச் சங்கிலியை உலுக்கினார். "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு. இனிமே ஏற மாட்டேன்னு சொல்லு."

அவள் சத்தியம் செய்தாள்; ஜெபராஜ் கேட்டால் வீட்டிலேயே பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டாள். அப்பா சந்தேகப்பிராணி என்று அவளுக்குத் தெரியும். தராசு விஷயத்தில் அப்பா புலி என்றும் தெரியும். அன்று ராத்திரி அம்மா பச்சையம்மா பயந்து பயந்து வைத்த இரண்டு இட்லிக்கு மேல் சம்பந்தம் இன்னும் இரண்டை எடுத்து வைத்தார். "துன்னு. எடைதான் கீதே."

ஆனாலும் அவள் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷனில் அப்பா கூட இருக்கும்போதே, கலர் விளக்கு சுழலும் எடை மெஷினில் ஏறிக் காசு போட்டாள். அட்டை விழுந்தது. நாற்பத்தொன்பது. பின்பக்கத்தில், 'உங்களைச் சுற்றி உள்ளவர்கள் நல்லவர்கள்' என்று ஜோசியம் வேறு.

சம்பந்தம் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுலயே தெரியல, பொய் சொல்ற மெஷின்னு?" என்று கிழித்துத் தண்டவாளத்தில் போட்டார்.

கடையில் இன்னொரு விசித்திரம். லேத்துப் பட்டறை ராஜகோபால் பதினோரு வருஷ வாடிக்கை. அவர் ஒரு நாள் மூட்டை போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னா சம்மந்தம், ரெண்டு வாரமா உன் கடையில எடை ஜோரா நிக்குது! பட்டறையில போட்டா இன்னாவோ அதேதான் இங்கயும் கீது!"

'இவன் எதுக்குத் திடீர்னு நம்மளப் புகழ்றான்?' என்று சம்பந்தம் யோசித்தார். ராஜகோபால் மச்சினன் சேலையூரில் குடியிருப்பது ஞாபகம் வந்தது. கோச்சுக்குத் தெரிந்தவனாக இருக்குமோ? அன்றிரவு வெகுநேரம் புரண்டார். தராசைப் பற்றி மட்டும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

போட்டி நாளும் வந்தது. ராஜகோபாலே தன் மாட்டடார் வேனில் அவர்களை அழைத்துப் போனார். சம்பந்தம் மடியில் ஒரு கோணிப்பை. உள்ளே வெட்டு வைத்த இருபது கிலோ கல்.

"இது எதுக்குய்யா?" என்றார் ராஜகோபால்.

"அங்க வெச்சிருக்குற மெஷினு யாரு கைவரிசையோ! டெஸ்ட் பண்ண வாணாமா?"

எடை பார்க்கும் நேரம் ஏழு முதல் எட்டு வரை. அந்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை தரம் வேண்டுமானாலும் ஏறலாம்; எட்டு அடித்தால் கதவு சாத்திவிடுவார்கள். பெண்கள் அறைக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. சம்பந்தம் வராந்தாவில் கோணிப்பையோடு நின்றார். பக்கத்தில் ஜெபராஜ், ராஜகோபால். கொஞ்சம் தள்ளி ஸ்டெல்லா. 'வந்து நிக்கிறா பாரு, எப்படா சான்ஸ் கெடைக்கும்னு' என்று அவர் பல்லைக் கடித்தார்.

ஏழு அஞ்சுக்கு சாமுண்டி வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நாப்பத்தெட்டு தொள்ளாயிரம்."

ஜெபராஜ் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான். பையிலிருந்து பிளாஸ்டிக் மழைக்கோட்டை உருவினார். "பரவால்ல. தொள்ளாயிரம் கிராம். அம்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. இதப் போட்டுகிட்டு மாடிப்படி ஏறி இறங்கு, நிக்காம ஓடு. வேர்வையில இறங்கிடும். கமான்!"

அவள் கோட்டுக்குக் கை நீட்டினாள். அந்தக் கையை சம்பந்தம் பிடித்துக்கொண்டார்.

"எங்கயும் ஓட வாணாம். என் பொண்ணு நாப்பத்தேழு எண்ணூறு. காலைல கூட என் தராசுல பார்த்துட்டுதான் வந்தேன். இங்கதான் கோல்மால் நடக்குது!"

"சார், சண்டை அப்புறம் போடலாம். அவள விடுங்க, டைம் போவுது" என்றார் ஜெபராஜ்.

"போவட்டும்! மயங்கி வுழணும், அதான ஒனக்கு? வூட்டுப் பொண்ண ரெடியா கூட்டாந்து நிக்க வெச்சிருக்கியே, எனக்குத் தெரியாதா?"

"அப்பா, விடுப்பா. ஓடிப் பாக்குறேன்."

"நீ சும்மா இரு!"

அந்தப் பிடி உடும்புப்பிடி. பாயில் எத்தனையோ பேர் பிடியை உதறித் தள்ளியவள், அப்பாவின் கையை உதற முடியாமல் நின்றாள். சம்பந்தம் போட்ட கூச்சலில் வராந்தா கூடிவிட்டது. வேறு நாட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஓடிப்போய்ப் பொறுப்பாளரைக் கூட்டிவந்தார்கள். அரிகிருஷ்ணன் என்ற அந்த மனிதர் விவரம் கேட்டு, விதி சொல்லி, சம்பந்தம் அதற்கு எதிர்ச்சொல் சொல்லி, அவர் இங்கிலீஷில் கோபித்து, இவர் தமிழில் கோபித்து, கடைசியில் சலித்துப்போய், "சரி, மத்த பொண்ணுங்க எல்லாம் எடை பார்த்துப் போயாச்சு. உள்ள வந்து உங்க கல்ல வெச்சுப் பாருங்க. அப்பவாவது வாயை மூடுவீங்களா?" என்றார். உள்ளே போகும்போது சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு நாற்பது.

சம்பந்தம் கோணிப்பையிலிருந்து கல்லை எடுத்து மெஷினில் வைத்தார். சிவப்பு எழுத்துகள் ஓடி ஓடி நின்றன. இருபது புள்ளி ஐந்து.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" சம்பந்தம் துள்ளினார். "இருவது கிலோ கல்ல இருவதரைன்னுது! நான் சொன்னேனா இல்லியா?"

அரிகிருஷ்ணன் முகம் மாறிவிட்டது. குனிந்து கல்லின் தலையில் பெயின்டைச் சாவியால் சுரண்டினார். கீழே அரசாங்க முத்திரை தெரிந்தது. எடை பார்க்கும் அம்மாளிடம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார்: "முத்திரைக் கல்லா இருக்கேம்மா. இருபதுக்கு அரை கூடுதுன்னா, இந்தப் பொண்ணு நாப்பத்தெட்டுக்குள்ளதான் வரா. வேற மெஷின் கொண்டுவந்து எல்லாரையும் திரும்ப எடை போடணும் போலிருக்கே. டைமையும் தள்ளிவைக்கணும்."

சம்பந்தம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நிமிர்ந்த நெஞ்சு அப்படியே நின்றது. இருபதுக்கு அரை. அந்த 'அரை' அவர் காதுக்குள் மறுபடி ஒலித்தது. கல்லுக்கு அரை கிலோ ஈயம். அலுமினியக் குண்டானில் தானே காய்ச்சி ஊற்றிய ஈயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்முன் வந்தது. முன்வாசல் பக்கம் நின்று அடுக்கியபோது வலது கைப் பக்கம் முத்திரைக் கல். பின்வாசல் வழியாக வந்து எதிர்ப்பக்கம் நின்றுதானே வெட்டு வைத்தோம்? அப்போது வலது கைப் பக்கம் இருந்தது எது?

கல் மாறிவிட்டது. மாற்றியது முனிரத்தினம் இல்லை, ஜெபராஜ் இல்லை. மூன்று வாரமாக மகளை ஈயக் கல்லில் நிறுத்து இட்லி போட்டவர் அவரேதான்.

சொல்லவேண்டும். வாயைத் திறந்தால் போதும். ஆனால் திறக்காமல் இருந்தால்? முத்திரை இருக்கிறது, அதிகாரியே நம்பிவிட்டார். இன்னும் ஐந்து நிமிஷம் ஊமையாக நின்றால் மகள் பிழைத்துக்கொள்வாளே. சம்பந்தம் நாக்கை மடித்துக்கொண்டு நின்றார்.

சாமுண்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் அந்தக் கடையில் விளையாடி வளர்ந்தவள். சிவப்புப் பொட்டும் தெரியும், எந்தக் கல் எப்போது ஏறும் என்றும் தெரியும்.

"அப்பா, இது எந்தக் கல்லுப்பா?"

"முத்திரைக் கல்லுதாம்மா" என்றார். குரல் அவருக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

அவள் இன்னொரு தரம் கேட்கவில்லை. இரண்டு கையாலும் கல்லைத் தூக்கி மெஷின் பக்கத்தில் தரையில் கவிழ்த்தாள். அடியில் கட்டைவிரல் நகத்தால் தேய்த்தாள். கறுப்புப் பெயின்ட் தோல் தோலாக உரிந்தது. உள்ளே வட்டமாக, வெள்ளையாக, ஈயம்.

"சார், மெஷின் சரிதான். எங்க கல்லுதான் கனம்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நாற்பத்து மூன்று. கல்லை எடுக்கும்போதே அப்பா அவள் கையை விட்டிருந்தார். அவள் வெளியே பாய்ந்தாள். வராந்தாவில் மழைக்கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது ஸ்டெல்லா. மாட்டி, பட்டனைப் போட்டு, "வா, நானும் ஓடுறேன்" என்று அவள் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே படியேறியதும் ஸ்டெல்லாதான். ஜெபராஜ் பின்னாலேயே ஓடினார்.

ராஜகோபால் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக உள்ளே வந்து, கவிழ்ந்து கிடந்த கல்லையும் ஈய வட்டத்தையும் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு வாரமா எடை ஜோரா நிக்குதுன்னு அன்னிக்கு சொன்னனே, சம்மந்தம்" என்றார் சத்தமில்லாமல். "அதுக்கு முந்தி பதினோரு வருசம்?"

மாடிப்படியில் தடதடவென்று மூன்று ஜோடிக் கால்கள் ஏறி இறங்கும் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நிற்கக்கூடாதே, நிற்கக்கூடாதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக யார் மேலும் சந்தேகமில்லாமல் வேண்டிக்கொண்டார். ஒரு மாதமாக அரைப் பட்டினி கிடந்த உடம்பு. என்ன மிச்சம் இருக்கும் அதில், வேர்வையாக வடிய?

எட்டு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது சாமுண்டி உள்ளே ஓடிவந்தாள். எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கதவு திறந்தபோது அரிகிருஷ்ணன் கேட்பதற்கு முன்பே அந்த அம்மாள் இல்லையென்று தலையை ஆட்டினார். "நாப்பத்தெட்டு அறுநூறு. டைம் ஓவர்."

ஜெபராஜ் சாமுண்டியின் தலையில் கை வைத்தார். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தாள்; ஏழு மணிக்கே எடை பார்த்து முடித்த அவள் பெயரைத்தான் இனி எழுத வேண்டும்.

சாமுண்டி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். மழைக்கோட்டின் கையிலிருந்து வேர்வை சொட்டியது. சம்பந்தம் பக்கத்தில் போய் நின்றார். திட்டுவாள், முகத்தில் அடித்த மாதிரி ஏதாவது சொல்வாள், சொல்லட்டும் என்று காத்திருந்தார். நாலு பேர் எதிரில் கல்லின் மானம் போனதற்குக்கூட அவருக்கு இப்போது வெட்கம் இல்லை.

"அம்மாடி..." என்றார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கோபமே இல்லை அந்தக் கண்ணில். அதுதான் அவரைக் கொன்றது.

"பதினேழு நிமிசத்துல முந்நூறு கிராம் எறக்கிட்டேன்பா" என்றாள். "அம்பத்தஞ்சு நிமிசம் இருந்துச்சு. நீ கைய விட்டிருக்கலாம்."

எடைக் கணக்கு என்றால் சம்பந்தத்துக்கு மனசிலேயே ஓடும். பேப்பர் பென்சில் தேவையில்லை. பதினேழுக்கு முந்நூறு என்றால் ஐம்பத்தைந்துக்கு எவ்வளவு? தொள்ளாயிரத்துக்கு மேலேயே வந்தது. எங்காவது தப்பு இருக்குமோ என்று இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.